சப்-வூபர் ஊமையானால்... செலவுக்கு முன் சோதனை

சரக்கு எடுக்கவும் வசூலுக்குப் போகவும் கார், வேன் வைத்திருக்கும் நம்மில் பலர், அதில் பாட்டுப் பெட்டியோடு சப்-வூபரும் பொருத்தியிருக்கிறோம். ஒருநாள் அது ஊமையாகிவிட்டால், "ஆம்ப்ளிபயர் போய்விட்டது, புதிது போடுங்கள்" என்ற பதில்தான் முதலில் வருகிறது. கணக்கு உதைத்தால் பேரேட்டையே மாற்றுகிறோமா? எந்த வரியில் பிழை என்றுதானே தேடுகிறோம்! இங்கும் அதே முறைதான். செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவோம்.

1. பாட்டுப் பெட்டி: சப்-வூபர் 'ஆப்' நிலையிலோ, அதன் அளவு பூஜ்யத்திலோ இருக்கிறதா? பாட்டரி மாற்றிய பின் சில பெட்டிகளில் அமைப்புகள் அழிந்துவிடும்.

2. ஆம்ப்ளிபயரில் விளக்கே எரியவில்லை: மின்சாரம் வரவில்லை. பாட்டரி அருகிலும் ஆம்ப்ளிபயரிலும் உள்ள ப்யூஸ்களைப் பார்க்கவும். பிறகு மல்டிமீட்டரால் பாட்டரி ஒயரில் 12 வோல்ட் வருகிறதா எனப் பார்க்கவும். பெட்டியை இயக்கியதும் ரிமோட் ஒயரிலும் 12 வோல்ட் வர வேண்டும். எர்த் ஒயர் பெயிண்ட் சுரண்டிய வெற்று இரும்பில் இறுக்கமாக இருக்க வேண்டும். எங்கள் வேனில் இந்த எர்த் திருகு தளர்ந்திருந்ததே குறை. புது ஆம்ப்ளிபயர் வாங்கியிருந்தால் பணம் வீண்.

3. சிவப்பு 'புரொடெக்ட்' விளக்கு எரிகிறது: பெட்டியை நிறுத்தி, ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி, மீண்டும் இயக்கவும். விளக்கு அணைந்தால் ஒயரிலோ சப்-வூபரிலோ ஷார்ட். அணையாவிட்டால் சிக்னல் கேபிளையும் கழற்றிப் பார்க்கவும். அப்போதும் எரிந்தால், எர்த் சரியாக இருக்கும் பட்சத்தில், ஆம்ப்ளிபயரைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கலாம்.

4. விளக்கு சரி, ஒலி மட்டும் இல்லை: சிக்னல் கேபிளை மாற்றிப் பார்க்கவும்.

5. சப்-வூபர்: ஒயரைக் கழற்றிவிட்டு அளந்தால், 4 ஓம் காயில் சுமார் 3 முதல் 4 ஓம் காட்டும். மீட்டரில் அளவே வராவிட்டால் காயில் அறுந்துவிட்டது. மீட்டர் இல்லையென்றால் 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஒரு நொடி தொடவும். 'டப்' என்று கூம்பு அசைந்தால் காயில் அறுபடவில்லை.

இரண்டு தவறுகளை மட்டும் செய்யக் கூடாது. எரிந்த ப்யூசுக்குப் பதில் கூடுதல் ஆம்பியர் ப்யூசோ, வெறும் கம்பியோ போட்டால் ஒயர் எரியும். எண்ணெயும் தீப்பெட்டியும் ஏற்றும் வண்டி நம்முடையது. ரிமோட் ஒயரை நேராகப் பாட்டரியில் இணைத்தால் ஆம்ப்ளிபயர் இரவெல்லாம் விழித்திருந்து பாட்டரியைக் குடிக்கும். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்ப வண்டி எழாது.

ஒயர்களைக் கழற்றுமுன் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, மின்சாரம் அளக்கும்போது மட்டும் திரும்ப மாட்டுவோம். குறை எதுவென்று தெரிந்த பிறகே பணப்பெட்டியைத் திறப்போம்.