அட்மின் உரிமைக்குத் தனி வாசல்

டாஸ்க்பாரில் பின் செய்த கமாண்ட் லைன் செயலி எப்போதும் சாதாரண உரிமையோடுதான் திறக்க வேண்டும்; அட்மின் உரிமை அதன் வலது கிளிக் பட்டியலில் தனி வரியாக இருக்க வேண்டும். கமாண்ட் லைனில் புழங்கிப் புழங்கி நான் வந்துசேர்ந்த முடிவு இது. பலர் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதை டிக் செய்துவிட்டு, எல்லா வேலையையும் அந்த ஜன்னலிலேயே பார்க்கிறார்கள். வசதிதான். ஆனால் அங்கே தட்டும் ஒவ்வொரு கட்டளையும் முழு உரிமையோடு ஓடுகிறது. என்பிஎம் வழியாக ஒரு தொகுப்பை நிறுவினால், அதோடு வரும் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டுக்கும் அதே உரிமை போய்ச் சேருகிறது. சில்லறைத் தொல்லைகளும் உண்டு: சாதாரண உரிமையில் இணைத்த நெட்வொர்க் டிரைவ் அட்மின் ஜன்னலில் தெரியாமல் போகலாம், எக்ஸ்புளோரரிலிருந்து கோப்பை இழுத்துவந்து அதில் போடுவதும் நடக்காமல் போகலாம். 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு யூஏசி (யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல்) வந்ததே சாதாரண உரிமையையும் அட்மின் உரிமையையும் பிரித்து வைக்கத்தான்.

வலது கிளிக் பட்டியல், அதாவது ஜம்ப் லிஸ்ட், 2009இல் விண்டோஸ் 7உடன் வந்தது. பவர்ஷெல் ஐகானில் அட்மின் வரி ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் டெர்மினலில் நாமே சேர்த்துக்கொள்ளலாம். அதன் ஜம்ப் லிஸ்ட்டில் வருபவை நம் புரொஃபைல்கள்தான். ஆகவே செட்டிங்ஸில் பவர்ஷெல் புரொஃபைலை நகலெடுத்து, ‘பவர்ஷெல் அட்மின்’ என்று பெயரிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டும் விருப்பத்தை அதற்கு மட்டும் இயக்கிச் சேமித்தால் போதும். பின்னணி நிறத்தையும் அடர் சிவப்பாக மாற்றிவிடுங்கள். எந்த ஜன்னலில் தட்டுகிறோம் என்பது பார்த்ததுமே தெரிய வேண்டும். சொந்தமாகச் செயலி எழுதுபவர்கள், ஜம்ப் லிஸ்ட்டில் சேர்க்கும் ஷெல் லிங்க்கில் ‘ரன் ஆஸ் யூசர்’ ஃபிளாக்கை வைத்தால் இதே பலன் கிடைக்கும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்தியபடி ஐகானைக் கிளிக் செய்தாலே அட்மினாகத் திறக்குமே, தனி வரி எதற்கு என்று கேட்கலாம். திறக்கும்தான், ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதைத் திரையில் எதுவும் சொல்வதில்லை. தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் வழியை நம்பி, புதிதாக வருபவரிடம் ஒழுங்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இவ்வளவு சுலபமாக்கினால் கவனம் குறையாதா என்பது இன்னும் கனமான கேள்வி. அந்த வரியைத் தொட்டாலும் யூஏசி அனுமதி கேட்காமல் விடுவதில்லை. சாதாரணக் கணக்கு என்றால் அட்மின் பாஸ்வேர்டே கேட்கும். உரிமை பெறுவது சிரமமாக இருக்கும்போதுதான் மனிதர்கள் அதை நிரந்தரமாகத் திறந்து வைத்துவிடுகிறார்கள். இப்போது விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், ஒரு கட்டளையை மட்டும் அட்மின் உரிமையோடு ஓட்டும் சூடோவும் வந்திருக்கிறது. செட்டிங்ஸில் இயக்கிக்கொள்ள வேண்டும். ஒற்றைக் கட்டளைக்கு அதுவே மேல். சர்வீஸை நிறுத்தி, கோப்பை மாற்றி, மறுபடி தொடங்கிப் பார்க்கும் தொடர் வேலைக்கு அட்மின் ஜன்னலைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.