பாதி வட்டத்தில் நின்ற ஊர்

டிராயிங் ஷீட்டில் 'ரிப்பீட்' வாங்கி நொந்து போயிருக்கும் நண்பர்களே! உங்களுக்கு ஒரு சீனியரை அறிமுகப்படுத்துகிறேன். பெயர் குளோத் நிக்கோலா லெதூ. பிரெஞ்சு நாட்டு ஆர்க்கிடெக்ட், பிறந்தது 1736-ல். 1804-ல் இவர் வெளியிட்ட புத்தகம் கட்டிடக்கலையைக் கலை, ஒழுக்கம், சட்டம் மூன்றோடும் சேர்த்துப் பேசுகிறது. பெரிய சைஸ் தாள், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த 125 படங்கள். இன்று மூலப்பிரதி கிடைப்பது அரிது.

கதை உப்பில் ஆரம்பிக்கிறது. கிழக்கு பிரான்சில் சலான் என்ற ஊரில் உப்பு ஊற்று உண்டு. அதைக் காய்ச்ச விறகு வேண்டும், சுற்றுவட்டாரத்தில் விறகு தட்டுப்பாடு. காட்டை ஊற்றுக்குக் கொண்டுவர முடியுமா? உப்புத்தண்ணியைக் காட்டுப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்! சுமார் 21 கிலோமீட்டருக்கு மரக்குழாய், பம்ப் கிடையாது, சரிவில் தானாக ஓடணும். லெவலிங் பிராக்டிகலில் 100 மீட்டருக்கே நாம் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் போய்ச் சேரும் ஆர்க்-எ-செனானில் ஆலை கட்டும் வேலை லெதூவுக்கு. முதலில் சதுர பிளான் போட்டார், எல்லாக் கட்டிடமும் ஒட்டினாற்போல. ரிஜெக்ட்! (நமக்கு மட்டும்தானா?) இரண்டாவது பிளான் அரைவட்டம், விட்டம் சுமார் 370 மீட்டர். நடுவில் டைரக்டர் வீடு, இருபுறமும் காய்ச்சும் கூடங்கள், வளைவில் தொழிலாளர் குடியிருப்பு. ஒவ்வொன்றும் தனித்தனி, ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததுக்குத் தாவாது. 1775-ல் தொடங்கி 1779-ல் முடித்தார். டைரக்டர் வீட்டுத் தூண்களைப் பாருங்கள், உருண்டைக் கல் ஒன்று, சதுரக் கல் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். கிரேக்க, ரோமானியத் தூண்தான், ஆனால் காப்பி இல்லை. அந்த வீட்டிலிருந்து எல்லோரையும் பார்க்கலாம். அன்று உப்புக்குக் கடும் வரி, திருட்டும் அதிகம். ஆகவே அந்த அரைவட்டம் காற்றோட்டத்துக்கா, கண்காணிப்புக்கா? ரெண்டுக்கும்தான் என்பது என் கட்சி.

பிறகு பாரிஸைச் சுற்றிய வரிச்சுவரின் வாசல்களைக் கட்டினார். ஜனங்களுக்கு அந்தச் சுவர் மேல் அடங்காத கோபம். 1789 ஜூலையில் பல வாசல்களைக் கொளுத்தினார்கள். 1793-ல் லெதூவே சிறைக்குப் போனார், 1795-ல்தான் விடுதலை. அப்புறம் கட்டிட வேலை தர ஆளில்லை. மனுஷன் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

அதில் அரைவட்டம் முழு வட்டமாகிறது, ஆலையைச் சுற்றி ஷோ என்ற ஊரே எழும்புகிறது. சந்தை, குளியல் கூடம், கோயில், தொழிலுக்கு ஒரு வீடு. நதி மேற்பார்வையாளர் வீடு ஒரு ராட்சதக் குழாய், ஆறே அதன் நடுவில் புகுந்து அருவியாய் விழும்! இதெல்லாம் கட்டப்படவே இல்லை.

ஆனா ஒரு எச்சரிக்கை. முன்பு கட்டி முடித்த கட்டிடங்களையும் இவர் புத்தகத்துக்காகத் திருத்தி வரைந்திருக்கிறார். நம்ம பாஷையில், இவை 'ஆஸ்-பில்ட்' டிராயிங் அல்ல. வாலிப வயசில் கட்டியதை வயதான பிறகு மனசுக்குப் பிடித்தபடி சரிசெய்து கொண்டார். படத்தைப் பார்த்து அளவெடுத்தால் ஏமாறுவோம், ஆளைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

1806-ல் இறந்தார். மிச்சப் படங்கள் 1847-ல்தான் அச்சேறின. ஆலையில் உப்பு காய்ச்சுவது 1895-ல் நின்றது, 1982-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2022-ல் எதிர்ப்பக்கம் தோட்டம் போட்டு அவருடைய வட்டத்தை முடித்திருக்கிறார்கள். கட்டிடம் இல்லை, செடிகள்தான்.