கூரைக்குள் குழாய் இறக்கும் முன்

பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் அடுப்பு போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். எல்லா வீட்டுக்கும் கேஸ் வந்துவிட்டதே, இனி விறகடுப்பு எதற்கு என்று சிலர் உங்களைக் கேட்பார்கள். 2007-ல் மாநில அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது, 2016-ல் உஜ்வலா திட்டம் வந்தது, எல்லாம் உண்மைதான். ஆனாலும் வெந்நீர் போட, இறால் அவிக்க, விசேஷத்துக்கு அண்டா ஏற்ற, சிலிண்டர் தீர்ந்த வாரத்தை ஓட்ட, கொல்லையில் மண்ணடுப்பு இருக்கத்தான் செய்கிறது. மழை பிடித்துக்கொண்டால் அது கொட்டகைக்குள் வந்துவிடும். கொட்டகைக்கு மேலே இருப்பது பனையோலை. உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1. புகைக்குழாயின் உள்பக்கம் சூடாகவே இருக்க வேண்டும், வெளிப்பக்கம் கை வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். உள்ளே சூடு குறைந்தால் புகை ஏறாது. வெளியே சூடு வந்தால் ஓலை பற்றும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: குழாயைச் சுற்றி வெப்பம் கடக்காத ஓர் உறை. நம் ஊர் ஐஸ் பெட்டி வெளிச்சூட்டை மீனிடம் அண்டவிடாது. இந்த உறை உள்சூட்டை ஓலையிடம் அண்டவிடாது. அதற்காக ஐஸ் பெட்டித் தெர்மோகோலை எடுத்துக் குழாயில் கட்டிவிடாதே தம்பி. நூறு டிகிரி பக்கம் வந்தாலே அது இளகும், கரும்புகையோடு எரியும். கயிறு, சாக்கு, தேங்காய் மட்டை, பஞ்சு எதுவும் ஆகாது.

2. புகை தானாக ஏறுவதில்லை. வெளிக்காற்று கனமாகவும் குழாய்க்குள் இருக்கும் காற்று லேசாகவும் இருப்பதால் ஏறுகிறது. நம் கடற்கரையில் வெளிக்காற்றே 30 டிகிரி. குழாய்க்குள் சராசரியாக 150 டிகிரி இருந்தால் ஓர் அளவு இழுப்பு கிடைக்கும். அதே குழாய் ஆறிப்போய் உள்ளே 70 டிகிரிதான் நிற்கிறது என்றால் இழுப்பு பாதிக்கும் கீழே போய்விடும். அப்போது வீட்டுக்காரம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழலை எடுப்பாள், திட்டு உனக்கு விழும். இன்னொன்றும் நடக்கும். ஏறத்தாழ 120 டிகிரிக்குக் கீழே இறங்கினால் புகையிலுள்ள தார் குழாயின் உட்சுவரில் படியத் தொடங்கும். இன்னும் ஆறினால் நீராவியும் தண்ணீராகி, தாரோடு கலந்து பழுப்பாக ஒழுகும். சோற்றுப்பானையில் சொட்டுகிறது என்று வருகிற புகார்களில் பாதி கூரை ஒழுக்கு இல்லை, இந்த ஒழுக்குதான்.

3. குளிர் நாட்டு அடுப்புப் படங்களைப் பார்த்து ஏமாறாதே. அங்கே அறைக்குள் இருக்கும் குழாயை வெறுமனே விட்டுவிடுவார்கள். அந்தச் சூடு அவர்களுக்கு வேண்டும். பழவேற்காட்டில் சித்திரை மாதம் சமையல் கொட்டகைக்குள் யாருக்கு அது வேண்டும்? அடுப்பிலிருந்து கூரையைத் தாண்டும் வரை முழுக்க மூடு. கீழே தவழ்கிற குழந்தையின் கையும் பிழைக்கும்.

4. எதைக் கொண்டு மூடுவது? என் தேர்வு உமிச்சாம்பல். செங்குன்றம் அரிசி ஆலைப் பக்கம் போனால் கிடைக்கும். பெரும்பங்கு சிலிக்கா, எடை கிடையாது, எரிந்து முடிந்த பொருள் என்பதால் மறுபடி எரியாது. இரும்பாலைகளில் உருகிய எஃகு ஆறிவிடாமல் இருக்க அதன் மேல் கொட்டுவதும் இதைத்தான் என்றால் அதன் சக்தியைத் தெரிந்துகொள். கொட்டும்போது மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

உமிச்சாம்பல் கிடைக்காவிட்டால் அடுத்தது வெர்மிகுலைட். திருப்பத்தூர் பக்கம் சேவத்தூரில் வெட்டி எடுக்கிற கனிமம் அது. சூட்டில் பொரிந்து உப்பியதை நர்சரிகளில் தொட்டிச் செடிக்கு விற்கிறார்கள். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் தூசி குறைவு. ராக் வுல் கம்பளமும் நல்லது. கண்ணாடி இழைக் கம்பளத்தை மட்டும் அடுப்புக்கு அருகே சுற்றாதே, அதை ஒட்டவைத்திருக்கும் பசை சூட்டில் கருகி நாறும்.

விறகுச் சாம்பல் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதைப் போட்டால் என்ன என்பாய். காய்ந்திருக்கும் வரை அதுவும் நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் அதில் காரம் அதிகம். நம் காற்றின் ஈரத்தை இழுத்து நசநசத்துப்போய்த் தகட்டையும் தின்னும், சூட்டையும் கடத்தும். அனல்மின் நிலையச் சாம்பல் சும்மா கிடைக்கிறது என்று எவனாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. கன உலோகம் கலந்தது அது. எண்ணூர் கழிமுகத்தில் அது என்ன செய்தது என்று அந்தப் பக்கத்து மீன்காரர்களைக் கேள்.

கொட்டகைக்குள் நிற்கிற பாகத்துக்குத் தூள் தேவையில்லை. கோழிவலையைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் உமி கலந்த களிமண்ணை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பூசு. உமி உள்ளே கருகி, மண்ணில் சின்னச் சின்ன ஓட்டைகளை விட்டுப் போகும். அந்த ஓட்டையில் நிற்கும் காற்றுதான் காப்பு. களிமண் பழவேற்காடு ஏரிக்கரையோரம் எடுத்ததாக இருக்க வேண்டாம், அதில் உப்பு இருக்கும். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பூச்சு உதிரும். பொன்னேரிப் பக்கத்து நன்செய் மண் உத்தமம். கடற்கரை மணலும் அதே காரணத்தால் கூடாது.

5. இனி கூரை. இந்த ஒரு சாண் இடத்துக்காகத்தான் உனக்குக் கூலி என்று நினைத்துக்கொள்.

ஓலை ஒரே நாளில் பற்றுவதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்து, உள்ளுக்குள் கரியாகி, முன்பு தாங்கிய சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே ஒரு நாள் பற்றிக்கொள்ளும். “ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகலையே” என்று ஒருவர் சொன்னால், அந்தக் கூரைதான் ஆபத்தான கூரை. வெற்றுத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் நடுவே 18 அங்குலம் விட வேண்டும் என்பது அமெரிக்கத் தீத்தடுப்பு விதி. நம் கொட்டகையில் அவ்வளவு பெரிய ஓட்டை போட்டால் மழை கொட்டிவிடும். அதனால்தான் உறை.

15 கிலோ எண்ணெய் டின்னை எடுத்துக்கொள். மேலும் கீழும் வெட்டிவிட்டால் ஒன்பது அங்குலச் சொச்சம் சதுரமான கூடு கிடைக்கும். அதன் அடியில் நாலு அங்குலக் குழாய் மட்டும் நுழைகிற மாதிரி ஒரு தகடு வை. குழாயை நடுவில் நிறுத்தினால் நாலு பக்கமும் இரண்டரை அங்குலம் இடம் இருக்கும். அதில் உமிச்சாம்பலைத் தட்டித் தட்டி நிரப்பு, ஆனால் இடித்து இறுக்காதே. இறுகினால் காற்று வெளியே போய்விடும், காப்பும் போய்விடும். ஒரு டின் போதாது, கூரைக் கனத்துக்குக் கீழே ஒரு முழமும் மேலே ஒரு முழமும் நிற்கிற மாதிரி டின்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொள். அதன் பிறகும் ஓலையை டின்னோடு ஒட்டவிடாதே. ஒரு சாண் வெட்டி விலக்கி, அந்த இடைவெளியைத் தகடு போட்டு மூடு. மூங்கில் கழியும் இதே விதிக்குள்தான் வரும். கழி குறுக்கே வந்தால் குழாயை நகர்த்து, கழியைச் செதுக்கிச் சமாளிக்காதே.

மேலே மழைத்தொப்பிக்குக் கீழே இன்னொரு பாவாடைத் தகடு வேண்டும், டின்னின் வாயை மறைக்கிற அகலத்துக்கு. ஈரமான சாம்பல் காப்பு அல்ல. ஐப்பசி மழையில் ஒரு வாரம் நனைந்த உறை இருப்பதும் இல்லாததும் ஒன்று.

2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய கான்கிரீட் வீடுகளிலும் இதே உறையைப் போடு. கான்கிரீட் எரியாதுதான், ஆனால் சூடேறி ஆறி விரிசல் விடும். நம் ஊர் உப்புக்காற்று அந்த விரிசல் வழியாகக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

6. போட்டு முடித்ததும் சோதித்துப் பார். அரைமணி நேரம் நல்ல தீ எரியவிட்டு, கூரையடியில் டின்மேல் உள்ளங்கையை வை. நிதானமாகப் பத்து எண்ணும் வரை வைத்திருக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் பிரித்துத் திரும்பப் போடு. அடுப்பு வாயில் ஊதுபத்தியைக் காட்டிப் பார். புகை உள்ளே வளைய வேண்டும்.

7. குழாய் ஓலையைத் தாண்டி மூன்றடி நிற்கட்டும். பத்தடிக்குள் இருக்கிற முகட்டைவிட இரண்டடி உயரம் வேண்டும். இல்லாவிட்டால் கடற்காற்று முகட்டில் ஏறி விழுந்து புகையைக் கீழே அழுத்தும். உயரம் கூடினால் காற்றில் ஆடும், அதனால் மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டு. 2016 டிசம்பர் 12 வர்தா புயலை ஞாபகம் வைத்துக்கொண்டு கட்டு. உச்சியில் அரை அங்குலக் கண் கம்பிவலை ஒன்று போட்டால் நெருப்புப்பொறி பக்கத்துக் கூரைக்குப் பறக்காது. ஆனால் வலையில் கரி அடைக்கும், துடைக்க வேண்டும்.

8. குழாய் எது? ஜிஐ தகடு மலிவு, அதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். நம் காற்றில் அது நீடிக்காது, அடுப்பை ஒட்டின பாகத்தில் துத்தநாகப் பூச்சு சூடேறிப் புகையும். கீழே இரண்டடிக்காவது சுட்ட மண் குழாய் வை. துருப்பிடிக்காது, உறைக்குள் இருந்தால் சட்டென்று ஆறி வெடிக்கவும் செய்யாது. முழுக்கவே மண்குழாய் என்றால் இன்னும் மேல். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் எங்காவது கிடந்தால் அறுக்காதே, தேய்க்காதே, உடைக்காதே. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

9. எரிக்கிற பொருளைப் பற்றிச் சொல்லவும் உனக்கு உரிமை உண்டு, தயங்காதே. காய்ந்த சவுக்கு நல்லது. பச்சை வேலிக்கருவேல் குழாயைத் தாரால் அடைக்கும். கடலில் ஒதுங்கிய கட்டையில் ஊறிய உப்பு நெருப்பில் அமிலமாகிக் குழாயை அரிக்கும். நைலான் வலைத் துண்டைப் போட்டுத் தீ மூட்டுவதும், பெயின்ட் அடித்த படகுப் பலகையை எரிப்பதும் குழாய்க்கும் கேடு, அந்த வீட்டு நெஞ்சுக்கும் கேடு.

10. குழாய்க்குள் படிந்த தார் பற்றிக்கொண்டால் இரைச்சல் கேட்கும், குழாய் நடுங்கும். தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றாதே, வெடித்துவிடும். அடுப்பு வாயை மண்ணால் மூடு, ஆட்களை வெளியேற்று, தண்ணீரை ஓலைமேல் ஊற்று. பிறகு அந்தக் குழாயை முழுக்கப் பிரித்துப் பார்க்காமல் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது.

11. இந்த வேலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பைப் பற்றி எழுதிய சிறுநூல் 1953-ல் நம் சென்னையிலேயே அச்சானது. பிறகு மத்திய அரசு 1980-களின் தொடக்கத்திலிருந்து 2002 வரை நாடு முழுக்க 3 கோடிக்கு மேல் மேம்பட்ட அடுப்பு போட்டது. எத்தனை நிற்கிறது? ஒடிசாவில் நாலு வருஷம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு, முதல் வருஷம் புகை குறைந்ததையும், பிறகு பராமரிக்காமல் விட்டதால் அந்தப் பலன் போனதையும் சொல்கிறது. அடுப்பின் வடிவத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. போட்டுவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை, அதுதான் குறை.

அதனால் கூலி பேசும்போதே வருஷத்துக்கு இரண்டு தரம் வந்து துடைப்பதையும் சேர்த்துப் பேசு. பனைநார் பிரஷ்ஷில் கல் கட்டி மேலிருந்து இறக்கினால் கால் மணி நேர வேலை. அப்போதே டின்னில் சாம்பல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து மேலே நிரப்பு. முதல் வருஷம் கட்டாயம் இறங்கும். அடைத்த குழாயின் கீழே தணல் கிடந்தால் வாசனையில்லாத நச்சுக்காற்று கொட்டகையில் தங்கும், தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். துடைக்கிற இரண்டு தரத்தில் ஒன்றைப் புரட்டாசி முடிவதற்குள் முடித்துவிடு. மழை தொடங்கிவிட்டால் நனைந்த ஓலைமேல் யாரும் ஏற முடியாது.