துறைமுக ஊரில் ஒரு கிழக்காசிய நூற்பிரிவு

திருகோணமலையில் கிழக்காசிய நூற்பிரிவா என்று கேட்காதவர்கள் குறைவு. கொழும்பில் வைத்தால் பக்கத்தில் தூதரகமாவது இருக்கும், இங்கே என்ன இருக்கிறது என்பார்கள். இங்கே துறைமுகம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கியும் தாண்டது. ஆனால் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இதைப் பற்றி இருந்ததெல்லாம் ஆங்கிலேயர் பக்கத்துக் கதை. “ஜப்பான்காரர் இதைப் பற்றி எழுதவில்லையா, மிஸ்?” என்று ஒரு மாணவன் கேட்டான். பிரிவு அந்தக் கேள்வியில் தொடங்கியது.

எழுதியிருக்கிறார்கள், விரிவாகவே. ‘சென்ஷி சோஷோ’ என்ற 102 தொகுதிப் போர் வரலாற்றில் 26ஆம் தொகுதி வங்காள விரிகுடா நடவடிக்கைகளையும் பேசுகிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை லெய்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2018இல் வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். பழைய கடற்படை, வெளியுறவு ஆவணங்களுக்கு 2001இல் தொடங்கிய ஆசிய வரலாற்று ஆவணங்களுக்கான ஜப்பானிய மையத்தின் தளம் இருக்கிறது. அதற்கும் காசில்லை. ஆகவே காசு இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். உள்ளூர்க்காரர் கேட்கும் கேள்வி எது என்று பார்த்து அதிலிருந்து சேர்க்கத் தொடங்குங்கள்.

அன்பளிப்புப் பெட்டிகளில் கவனம் வேண்டும். பளபளக்கும் தாளில் மலையும் மாளிகையுமாக வரும் படப்புத்தகங்கள் இறாக்கையை நிரப்பும், ஆய்வாளருக்கு உதவாது. என்ன ஏற்போம், எதை மறுப்போம் என்று எழுத்தில் ஒரு கொள்கை இருந்தால், மறுக்கும்போது முகம் கோண வேண்டியதில்லை.

உண்மையான வேலை பட்டியலாக்கத்தில்தான். செங்குத்தாக அச்சிட்ட ஜப்பானிய நூல் நமக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். நாம் முகப்பு என்று கை வைப்பது அதன் பின்னட்டை. முத்திரை எங்கே, பட்டைக்குறி எங்கே என்று முதலிலேயே முடிவுசெய்து மேசையில் எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு பக்கம் ஒட்டுவார்கள். பதிப்பு விவரம் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும், ஆண்டு பேரரசர் காலக் கணக்கில் வரும். ஷோவா 44 என்றால் 1925ஐக் கூட்டி 1969. ஹெய்செய் என்றால் 1988ஐக் கூட்ட வேண்டும். தைவான் நூலின் குடியரசு ஆண்டுக்கு 1911. இந்த மூன்று எண்களும் எங்கள் பட்டியலாக்க மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கின்றன.

சீனப் பெயர்கள் இன்னொரு தலையிடி. பழைய நூலில் மாவோ சே-துங், புதியதில் மாவோ ஸெடொங். இணைக்காவிட்டால் ஒருவர் பட்டியலில் இருவராகிவிடுவார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2000இல்தான் பின்யின் என்ற ஒலிபெயர்ப்பு முறைக்கு மாறியது, ஆகவே இரண்டு வடிவத்திலும் தேடிப் பிடிக்க வழி செய்யுங்கள். மூல எழுத்திலும் தலைப்பை ஏற்றுவது அவசியம்.

தூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811, ஜப்பானிய இலக்கியம் 895.6. அயலவர்கள்! தமிழுக்கு வருபவர்கள் அப்படியே அடுத்த தட்டுக்கும் கை நீட்டுகிறார்கள். அவர்கள் தேடுவது பெரும்பாலும் ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோவை. யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியருடன் சேர்ந்து அவர் செய்த தமிழ்-ஜப்பானிய ஒப்பாய்வைப் பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கவில்லை. பெருமைக்காக அவருடைய நூல்களை மட்டும் வைப்பது நூலகர் வேலை அல்ல. மறுப்புகளும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், கிழக்காசியத் தொடர்பைத் தேடுபவருக்கு வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா தொகுத்த, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைத்த சீன மட்பாண்ட ஓடுகள் பற்றிய 2004ஆம் ஆண்டு நூலை முதலில் எடுத்துக் கொடுப்பேன்.

கடற்காற்று, வாடை மாரி, இராமபாணப் பூச்சி என்று இங்கே புத்தகத்துக்கு எதிரிகள் பலர். குளிரூட்டியைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துவதால் ஈரப்பதம் ஏறி இறங்கும், தாளுக்கு அது நல்லதல்ல. மின்கட்டணத்துக்குப் பயந்து அப்படிச் செய்வதைவிட, சுவரிலிருந்து இறாக்கையைத் தள்ளிவைத்து காற்று ஓட விடுவது மேல்.

அந்த 26ஆம் தொகுதியில் திருகோணமலை பற்றிய பக்கங்களையாவது யாரேனும் தமிழில் தர முன்வாருங்கள். ஜப்பானிய மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக்கூடியவர் என்றால் இன்னும் நல்லது.