சிப்பியில் துளை போட்டது யார்?

போன தீபாவளி விடுமுறையில், கடல் உள்வாங்கியிருந்த நேரமாகப் பார்த்து, பேத்தியை ஜுஹு கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தேன். அவள் பொறுக்கிய சிப்பிகள் பலவற்றில் ஒரே மாதிரி வட்டமான துளை. “மாலை கோக்கறதுக்கு யாரு தாத்தா ஓட்டை போட்டு வெச்சிருக்கா?” என்று கேட்டாள். ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தண்டவாளத்தில் துளை போட வைத்தவன் நான். எனக்கே பதில் தெரியவில்லை. பிறகு படித்து அறிந்ததை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

துளை போட்டது நிலா நத்தை என்னும் கடல் நத்தை. உருண்டையான, வழவழப்பான ஓடு உடையது. பாதம் எனப்படும் அதன் சதைப்பகுதி கடல்நீரை உள்வாங்கி நன்றாக உப்பிக்கொள்ளும். பாதத்தின் முன்பகுதி ஏர்க்கொழுவைப் போல் மணலைத் தள்ள, நத்தை மணலுக்கடியில் உழுதுகொண்டே போகும். ஆபத்து என்றால் நீரைப் பிழிந்து வெளியேற்றி, உடலை உள்ளிழுத்து, வாசலை மூடியால் அடைத்துக்கொள்ளும்.

மணலில் புதைந்துள்ள மட்டி அகப்பட்டால் பாதத்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும். துதிக்கை போன்ற அதன் வாய் நுனிக்கு அடியில் ஒரு சுரப்பி உண்டு. அதில் ஊறும் அமிலமும் நொதிகளும் மட்டியின் ஓட்டை இளக்கும். நுண்ணிய பற்கள் வரிசையாகப் பதிந்த நாக்கு, இளகியதை அரம்போல் சுரண்டும். மறுபடி சுரப்பி, மறுபடி அரம். இப்படிப் பல மணி நேரம். தடித்த ஓடானால் நாள் கணக்கிலும் ஆகும். துளை விழுந்ததும் துதிக்கையை நுழைத்துச் சதையைத் தின்றுவிடும்.

அந்தத் துளை வெளியே அகன்று உள்ளே குறுகியிருக்கும். திருகாணித் தலை பதிய நாங்கள் போடும் ‘கவுண்டர்சிங்க்’ அச்சாக அப்படித்தான் இருக்கும்! பாதியில் நின்ற துளையைக் கண்டால், வேலை தடைபட்டது என்று பொருள்; மட்டி தப்பியிருக்கலாம்.

ஒரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மணல் நிறத்தில் வளையம் ஒன்று கிடந்தது. பழைய ரப்பர் வாஷர் என்று நினைத்து வீட்டுக்கு எடுத்து வந்தோம். அது காய்ந்து பொடியாகிவிட்டது. நிலா நத்தை மணலையும் தன் உடலில் சுரக்கும் பசையையும் குழைத்துச் செய்த முட்டை வளையம் அது என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்குமாம். பேத்தியிடம் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது.

கடற்கரைக்குப் போகும் குழந்தைகள் வெறும் சிப்பிகளைப் பொறுக்கட்டும். துளையைத் தடவிப் பார்க்கட்டும். அந்த வளையத்தை மட்டும் கிடந்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.