நித்திரைக்கும் மனக்கலக்கத்துக்கும் வழங்கும் மூலிகைகள்

பரீட்சைக் காலம் அணுகுந்தோறும் பிள்ளைகளிடத்து நித்திரையின்மையும் மனக்கலக்கமும் மிகுதலையும், பெற்றோர் அவற்றுக்குப் பரிகாரமாக அமுக்கிராச் சூரணம், சாதிக்காய், லேகியம் முதலியவற்றைத் தாமே வாங்கிக் கொடுத்தலையும், கொடுத்தபின் "இது நாட்டு மருந்து, ஒரு தீங்குஞ் செய்யாது" என உபாத்தியாயரிடத்து வந்து கூறுதலையும் நம் பாடசாலைகளிற் காண்கின்றோம். இக்கூற்று நமது வைத்திய மரபுக்கே மாறானது. சித்த வைத்திய நூலார் மூலிகையின் குணத்தை மாத்திரம் கூறி அமையார். சுத்தி செய்யும் முறை, அளவு, அனுபானம், பத்தியம், உண்ணுங் காலம் என்பவற்றையும் உடன் கூறுவர். தீங்கே இல்லாத பொருளுக்குச் சுத்தி எற்றுக்கு? அமுக்கிராக் கிழங்கைப் பாலாவியிற் பிட்டுப்போல அவித்து உலர்த்திச் சூரணஞ் செய்க என்னும் விதி வீணே எழுந்ததன்று. அவ்விதிகளையெல்லாம் கைவிட்டு, மூலிகையின் பெயரை மாத்திரங் கைக்கொள்ளுதல் நாட்டு வைத்தியமாகாது.

மூலிகைக்கு மெய்யான வலி உண்டென்பதற்கும், அவ்வலியே தீங்காய் முடிதலும் உண்டென்பதற்கும் சர்ப்பகந்தியினுஞ் சிறந்த உதாரணம் வேறில்லை. பாரத நாட்டிலும் இலங்கையிலும் வளரும் இச்சிறு செடியின் வேர், உன்மத்தத்துக்கும் நித்திரையின்மைக்கும் நெடுங்காலமாக வழங்கி வந்தது. 1931 ஆம் ஆண்டிலே கணநாத சேனர், கார்த்திக சந்திர போசு என்னும் வங்க வைத்தியர் இருவர், இவ்வேர் உன்மத்தத்தையும் மிகுந்த குருதியமுக்கத்தையுந் தணிக்குமென எழுதினர். 1949 இல் பம்பாய் வைத்தியர் றஸ்தம் ஜால் வக்கீல் ஆங்கில இருதய வைத்திய சஞ்சிகையொன்றில் எழுதிய பின்னரே மேனாட்டார் பெரிதுங் கண்விழித்தனர். 1952 இல் சுவிற்சலாந்து இரசாயனிகள் அவ்வேரினின்றும் றிசேப்பீன் என்னுஞ் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். கட்டுக்கடங்காத உன்மத்தர் பலர் அதனை உண்டு அமைதியுற்றனர்.

ஆயின், அச்சத்து நரம்புகளினிடையே செய்தி கொண்டுசெல்லும் இரசாயனப் பொருள்களின் சேமிப்பைக் குறைத்தே அமைதியைத் தருகின்றது. அதனை உண்டோருட் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாயினரென வைத்தியர்கள் விரைவிலே அறிவித்தனர். குருதியமுக்கம் அளவுக்கு மீறித் தாழ்ந்து மயங்குதலும் காணப்பட்டது. நம்மவருட் சிலர் இச்சரித்திரத்தின் முற்பாதியை மேடைதோறும் பேசிப் பெருமை கொள்வர். மேனாட்டுக் கல்வியே கல்வியென்பார் பிற்பாதியை மாத்திரம் பேசுவர். நாமும் மிஷன் பாடசாலையிற் கற்றவர்களே. இரண்டு பாதியையுஞ் சேர்த்துப் படித்தல் எவர்க்கும் இழுக்கன்று.

இக்காலத்து மிகுதியாக விலைப்படுவது அமுக்கிரா. சில வாரங்கள் நடந்த சிறு சோதனைகளிலே, அதனை உண்டோரின் உறக்கம் ஓரளவு சீர்ப்பட்டமையும் கலக்கந் தணிந்தமையுங் காணப்பட்டன. அச்சோதனைகளுக்கு உட்பட்டோர் பெரும்பாலும் வளர்ந்தோர், பாடசாலைப் பிள்ளைகளல்லர். வருடக்கணக்காக உண்பார்க்கு யாதாகுமென்பதற்கும் அவை விடை தரா. உண்டோர் சிலர்க்கு ஈரல் பழுதுற்று மஞ்சட்காமாலை உண்டானமை வைத்திய சஞ்சிகைகளிற் பதிவாகியுளது. கருப்பவதிகளுக்கும், தைரொயிட்டுச் சுரப்பி நோயுடையார்க்கும் அஃது ஆகாது. 2023 இல் தென்மார்க்கு அரசினர் அதன் விற்பனையைத் தடுத்தனர். அத்தடை மிகையென்பாரும் உளர். மிகையாயினும், விலைகொடுத்து வாங்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்க்கச் செய்யுமன்றோ.

சாதிக்காயைக் கறிக்கு இடும் அளவிற் பிழையில்லை. ஏறக்குறைய ஒரு காயளவாகிய 5 கிராம் தூளை ஒருங்கே உண்டோர்க்கு நெஞ்சு படபடத்தலும், வாய் வறளுதலும், இல்லாதன தோன்றுதலும் உண்டாதல் அறியப்பட்டது. இதனைக் கைக்குழந்தை உறங்குதற்பொருட்டு உரைத்துப் புகட்டுந் தாய்மார், கல்லில் எத்தனை சுற்று உரைத்தனரென்பதை அறிவரோ? பிள்ளை வளர்ப்பான் எனப் பேர்பெற்ற வசம்பையும் இவ்வாறே கருதுக. அதனை உணவிற் சேர்த்தலை அமெரிக்க ஐக்கிய நாட்டரசினர் 1968 இல் விலக்கினர்.

இவற்றினுங் கொடியது மதனமோதகம் முதலிய லேகியவகை. கஞ்சா சேர்ந்த இவ்வுருண்டைகள் பாடசாலைகளுக்கு அயலிலே பிடிபட்ட செய்தி பத்திரிகைகளில் வந்ததுண்டு. கஞ்சாவைச் 'சிவமூலி' என்று கூறி நம் சமயத்தின் பெயரால் அதற்கு மதிப்புத் தேடுவாரும் உளர். பெருமானுடைய திருநாமத்தை வெறிப்பொருளுக்குச் சூட்டுதல் நிந்தையேயன்றி வழிபாடன்று. இதனை வகுப்பிலே வெளிப்படையாகக் கூற ஆசிரியர்கள் கூசவேண்டா.

மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் 19 ஆம் நூற்றாண்டில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த காலந்தொட்டு, பரியாரியார் மருந்தும் ஆசுப்பத்திரி மருந்தும் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒருங்கே வழங்குகின்றன. இருவர்க்குந் தெரியாமல் இரண்டையும் உண்பதே இடர். உறக்கம் வருவிக்கும் குளிசையோடு அத்தகைய மூலிகையுஞ் சேரின், மயக்கம் இரட்டிக்கும். 2003 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர்க் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளுள் 14 இல் ஈயம், இரசம், பாஷாணம் என்பவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. பெயரில்லாப் பொட்டலத்தை வாங்குவோர் இதனை மறவாதிருப்பாராக.

உறக்கமில்லையென ஒரு மாணாக்கன் கூறின், அவன் இரவிலே எத்தனை கோப்பை வெறுந்தேநீர் அருந்துகின்றான், கைத்தொலைபேசியை எப்போது கீழே வைக்கின்றான் என்பவற்றை முதலில் வினாவுக. விழித்திருக்கத் தேநீரும், உறங்கச் சூரணமும் ஒரே இரவில் உண்ணும் பிள்ளைகளையும் நாம் கண்டிருக்கின்றோம். இரண்டு வாரத்துக்கு மேலும் உறக்கங் கெட்டு, உணவும் வெறுத்து, ஒருவரோடும் பேசாதிருப்பானாயின் தேர்ந்த வைத்தியரிடத்து அனுப்புக. உயிர்வாழ்தலில் வெறுப்பைக் குறித்து ஒரு வார்த்தை கூறினும், அவனைத் தனியே விடாது, அன்றைக்கே பெற்றோரை அழைத்து ஆசுப்பத்திரிக்கு அனுப்புக. போகும்போது வீட்டில் உண்ட சூரணம், லேகியம் யாவற்றின் பெயரையும், உண்ட அளவையும், எத்தனை நாளாக உண்டானென்பதையும் ஒரு தாளிலெழுதி, பொட்டலத்தையும் உடன் கொடுத்துவிடுக.