‘இன்னும்’ என்பதற்கு ஆங்கிலம் எது?

நம் கடைக்காரர்கள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களில் அதிகம் தடுமாறும் இடம் எது என்று கேட்டால், ‘இன்னும்’ என்ற சொல்லைத்தான் காட்டுவேன். ‘சரக்கு இன்னும் வரவில்லை’, ‘கடை இன்னும் திறந்திருக்கிறது’, ‘இன்னும் இரண்டு மூட்டை வேண்டும்’ என மூன்றுக்கும் தமிழில் அது ஒன்றே போதும். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘யெட்’, இரண்டாவதற்கு ‘ஸ்டில்’, மூன்றாவதற்கு ‘மோர்’.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மொத்த வியாபாரி ஒருவர் சனிக்கிழமை வெங்காயம் வரும் என்றிருந்தார். வியாழக்கிழமையே நான், சும்மா விசாரிக்கும் எண்ணத்தில், ‘த ஆனியன்ஸ் ஸ்டில் ஹாவ் நாட் அரைவ்ட்’ என்று எழுதிவிட்டேன். அவருக்கு மனத்தாங்கல். சொன்ன நாள் வருமுன்பே குறை சொல்கிறீரே என்று பதில் வந்தது. அதன்பின் இரண்டு மாதம் எனக்குக் கடனுக்குச் சரக்கு இல்லை. ‘ஹாவ் நாட் அரைவ்ட் யெட்’ என்றால் வெறும் செய்தி. ‘ஸ்டில் ஹாவ் நாட்’ என்றால், இத்தனை நாளாகியும் வரவில்லையே என்ற சலிப்பு. வெங்காயமோ சொன்னபடி சனிக்கிழமை காலையிலேயே வந்து இறங்கிற்று!

இதை மனத்தில் நிறுத்த இலக்கணப் புத்தகம் வேண்டாம். நாம் தினமும் பேசும் மலாய் போதும். ‘பெலும்’ என்னுமிடத்தில் ‘நாட்’ போட்டுக் கடைசியில் ‘யெட்’. ‘மாசிஹ்’ என்னுமிடத்தில் ‘ஸ்டில்’. ஒருவர் ‘மாசிஹ் பெலும்’ என்றால் பொறுமையிழந்து கேட்கிறார் என்று நமக்குத் தெரியும் அல்லவா? அதுதான் ‘ஸ்டில் ஹாவ் நாட்’. தவணை கடந்த பாக்கிக்குத் தாராளமாக எழுதலாம். அப்போதும் ‘ஸ்டில்’ முன்னால் வரவேண்டும். ‘ஹாவ் நாட் ஸ்டில்’ என்பது பிழை.

‘சூடா’ என்பதற்கு ‘ஆல்ரெடி’. கடைவாசலில் ‘ஐ பே ஆல்ரெடி’ என்றால் எல்லோருக்கும் புரியும். நானும் அப்படித்தான் பேசுகிறேன். கடிதத்தில் ‘ஐ ஹாவ் ஆல்ரெடி பெய்ட்’ என்று எழுத வேண்டும்.

கேள்வி கேட்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். ‘ஹாவ் யூ பெய்ட் யெட்?’ என்றால் பணம் கட்டியாயிற்றா என்ற விசாரணை. ‘ஹாவ் யூ பெய்ட் ஆல்ரெடி?’ என்றால் அதற்குள் கட்டிவிட்டீர்களா என்ற வியப்பு. பாக்கிக்காரருக்கு இரண்டாவதை எழுதிப் பாருங்கள். தவணைக்கு நாள் நிறைய இருக்கிறது போலும் என்று அவர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்.